டெல்மருக்காகச் சூடாக்கிய குளம்

வெர்லன் ஸ்டப்ஸ் பள்ளிக்கூடத்து பாய்லரோடு முப்பது குளிர்காலம் குடித்தனம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும், அந்த மலைச்சரிவில் எந்த வீட்டில் சுடுதண்ணீர் நின்றுபோனாலும் முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். வருவார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார், இயந்திரத்தின் மேல் காதை வைத்துக் கேட்பார், "இதான் கோளாறு" என்பார். பெரும்பாலும் அதுதான் கோளாறாக இருக்கும். அப்படிப்பட்டவருடைய சொந்த வீட்டில், அதுவும் ஊரே வரப்போகிற வாரத்தில், நீச்சல் குளத்து ஹீட்டர் மக்கர் பண்ணியது.

ஊர் வரப்போவது ஒரு ஞானஸ்நானத்துக்கு. அவர்களுடைய சபை சின்னது. கட்டடத்துக்குள் முழுக்குத் தொட்டி கிடையாது. ஓடையில்தான் முழுக்குக் கொடுப்பார்கள். இந்த வசந்தத்தில் ஓடை கரைபுரண்டு, சேறும் மரக்கட்டையுமாக ஓடிக்கொண்டிருந்தது. அது வடிந்தாலும் பயனில்லை. முழுக வேண்டியவர் டெல்மர் டாக்கெட். குளிர்காலத்தில் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்துகொண்டவர். பச்சைத் தண்ணீரில் திடீரென்று இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

டெல்மர் காஸ் லாரி ஓட்டுகிறவர். அந்தப் பக்கத்து வீடுகளில் தோட்டத்துக்குத் தோட்டம் நிற்கும் டாங்குகளில் புரொப்பேன் காஸ் நிரப்புவது அவர் வேலை. பல வருஷமாக மனைவி ஆர்லீனைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, தாம் வண்டியிலேயே உட்கார்ந்து பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்த மனிதர். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சில வாரம் கழித்து, பாட்டுக்கு நடுவில் எழுந்து முன்னால் நடந்துபோய், "நானும் முழுகணும்" என்றார். ஆர்லீன் அழுத அழுகையில் பியானோ வாசித்தவள் பாட்டைக் கோட்டைவிட்டாள்.

"எங்க வீட்டுக் குளம் எதுக்கு இருக்கு?" என்று வெர்லன் அன்றைக்கே எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டார். "கைக்குழந்தையைக் குளிப்பாட்டுற பதத்துல தண்ணி வச்சுத் தர்றேன். என் பொறுப்பு."

திங்கட்கிழமை டெல்மர் லாரியோடு வந்து டாங்கை நிரப்பினார்.

"பாரு வெர்லன், என் முழுக்குக்கு நானே காஸ் ஊத்த வேண்டியிருக்கு. தன் குழியைத் தானே வெட்டிக்கிற கதைதான்."

"ஊத்துய்யா, ஊத்து. முழுகறது உன் வேலை, தூக்கறது பாஸ்டர் வேலை. கொஞ்சம் எடையைக் குறைச்சிட்டு வா."

டெல்மர் சிரித்துக்கொண்டே குழாயைச் சுருட்டினார். ஆபரேஷன் ஆன இடத்தைச் சிரிக்கும்போது கையால் பொத்திக்கொள்வது அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

லாரி போன பிறகு வெர்லன் டாங்கைச் சுற்றி வந்து பார்த்தார். குளத்துக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணும் படுகிற இடத்தில், துரு வழிந்த கோடுகளோடு அது நின்றது. ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுப்பார்கள். படத்தில் டெல்மருக்குப் பின்னால் இந்தத் துருப்பிடித்த டாங்கு நிற்கும். அதைப் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அன்று சாயங்காலமே வெள்ளை ஸ்ப்ரே பெயிண்ட் வாங்கி வந்து அடித்தார். டாங்கு, கால்கள், குழாய், ரெகுலேட்டர் எதையும் விடவில்லை. புல்லில் மல்லாந்து படுத்து அடிப்பக்கத்துக்கும் அடித்தார். செய்வதைத் திருந்தச் செய்கிற மனிதர்.

அவர் மனைவி நெல்டா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "டாங்கும் ஞாயிற்றுக்கிழமை முழுகப்போகுதா?" என்று கேட்டாள்.

"பேசாம உன் வேலையப் பாரு, பொம்பளே."

மறுநாள் காலையில் ஹீட்டரைப் போட்டார். டிக் டிக் என்றது, தீ பிடித்தது, குப்பென்ற சத்தம் வந்தது. அவர் காப்பியை எடுத்து வருவதற்குள் அணைந்துபோயிருந்தது. மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது. தீயில் வலுவில்லை, மஞ்சளாக, சோம்பலாக எரிந்தது.

வெர்லன் பதற்றப்படவில்லை. முறையாகத்தான் ஆரம்பித்தார். தண்ணீர் ஓட்டம் குறைந்தாலும் ஹீட்டர் தானாக நின்றுவிடும். அதனால் முதலில் பம்பு கூடையைத் திறந்து இலைகளை எடுத்தார், ஃபில்டரைக் கழுவினார். ஓட்டம் நன்றாக இருந்தது; ஹீட்டர் நின்றது. அடுத்து ஹீட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். குளவி உள்ளே மண்கூடு கட்டியிருந்தது. அதைச் சுரண்டி, காற்றடித்து, ஒவ்வொரு துவாரத்தையும் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். ஹீட்டர் நின்றது. சோப்புத் தண்ணீரைக் குழாய் மூட்டுகளில் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை, கசிவு இல்லை. டாங்கின் வால்வு முழுவதும் திறந்திருந்தது. முள் நிறைய காஸ் காட்டியது. ஆக, டாங்கில் காஸ் இருக்கிறது. ஹீட்டருக்குப் போதுமான அளவு வந்து சேரவில்லை.

பழுது பார்ப்பதில் அவருக்கு ஒரு சூத்திரம் உண்டு. நேற்று ஓடியது இன்று ஓடவில்லையென்றால், நடுவில் யார் கை வைத்தது என்று கேள். யார் கை வைத்தது? டெல்மர். வேறு யாரும் வரவில்லை. தம்முடைய கையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது பாய்லர்க்காரருக்கும் பொருந்தும்.

புதன்கிழமை ஜெபக்கூட்டம். அந்தச் சபையில் யாரும் யாரைப் பற்றியும் புறம் பேசமாட்டார்கள். ஜெபக் குறிப்பு சொல்வார்கள். "இன்னார் மகளுக்காக ஜெபிச்சுக்குங்க, ராத்திரி நேரங்கழிச்சு வர்றாளாம்" என்றால் அது புறணி இல்லை, ஜெபிக்க வேண்டிய மனபாரம். குழம்பும் சோளரொட்டியும் சாப்பிட்டுவிட்டு வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். லாரி வேலை முடியாததால் டெல்மர் வரவில்லை. ஆர்லீனும் வரவில்லை. காஸ் கம்பெனி முதலாளி ராய்ஸ் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமைக்குத் தண்ணி தயாரா, பிரதர் வெர்லன்?" என்று போதகர் கிளீட்டஸ் கேட்டார்.

ஹீட்டரை என்னால் சரிசெய்ய முடியவில்லை என்று சொல்ல வெர்லனுக்கு நாக்கு எழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாஸ்டர், ஒரு ஜெபக் குறிப்பு. பிரதர் டெல்மருக்காக. நான் குறை சொல்லல. ஆபரேஷனுக்கப்புறம் மனுஷனுக்குக் கவனம் வேலையில இல்ல. எங்க டாங்கை நிரப்பிட்டுப் போனாரு, அதுலேர்ந்து ஹீட்டர் எரியல. என்னமோ ஏடாகூடமா பண்ணி வச்சிட்டாரு. என் வீட்டுல நடந்தது பரவாயில்ல, எனக்கு விஷயம் தெரியும், சமாளிச்சுக்குவேன். வேற வீட்டுல, தூங்குற வீட்டுல, காஸ் விஷயத்துல தப்பு நடந்தா? அதான் பாரமா இருக்கு. ஜெபிச்சுக்குங்க."

சொன்னது பாய்லர் வெர்லன் ஆயிற்றே. எல்லாரும் தலை குனிந்து ஜெபித்தார்கள். நெல்டா மட்டும் கண்ணை மூடாமல் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ராய்ஸ் போன் செய்தார். "நல்லவேளை சொன்னே வெர்லன். அவன்கிட்ட லாரிச் சாவியை வாங்கிட்டேன். ரெஸ்ட் எடுக்கட்டும். நீ சொல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்?"

"அய்யய்யோ, சாவிய வாங்கணும்னு நான் சொல்லலியே ராய்ஸ்," என்றார் வெர்லன். ஆனால் போனை வைத்தபோது, தம் சொல்லுக்கு இன்னும் இவ்வளவு எடை இருக்கிறதே என்று மனசுக்குள் ஒரு இனிப்புத் தட்டியது. அந்த இனிப்பைத்தான் பிற்பாடு அவரால் மன்னிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் டாங்குக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து, ஒன்றும் தோன்றாமல் அதையே வெறித்தார். தாழ உட்கார்ந்ததால், நின்றபடி பார்த்தால் தெரியாத ஒன்று கண்ணுக்கு நேரே வந்தது. டாங்கிலிருந்து வரும் காஸை ஹீட்டருக்குத் தக்க அழுத்தத்தில் அனுப்புகிற ரெகுலேட்டரின் அடிப்பக்கம். அங்கே கீழ்நோக்கி ஒரு சின்ன வாய் உண்டு, வாயில் சல்லடை உண்டு. ரெகுலேட்டர் மூச்சுவிடுவது அந்த வழியாகத்தான். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு ஏறி இறங்க வேண்டுமானால் அதற்குக் காற்று வேண்டும். வெர்லன் விரலை நீட்டித் தடவினார். சல்லடையின் சொரசொரப்பு இல்லை. வழவழவென்று, பால் ஆடை படிந்தது போல, வெள்ளை பெயிண்ட்.

அவருக்குக் காது மடல் சூடேறியது. சுற்றிலும் யாருமில்லை, இருந்தாலும் யாரோ பார்த்துவிட்டதுபோல் திரும்பிப் பார்த்தார்.

ஒரு ஆணியை எடுத்து அந்த ஆடையில் குத்தினார். புஸ் என்று ஒரு பெருமூச்சு. போய் ஹீட்டரைப் போட்டார். நீலத் தீ, நல்ல இரைச்சல். அணையவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு கோடை விடுமுறையில் பாய்லர் அறைக்கு வெள்ளையடித்த ஆளை, காற்றுத்துளையில் பெயிண்ட் பட்டதற்காக, "உனக்கெல்லாம் யார்யா பிரஷ்ஷைக் குடுத்தது" என்று எல்லார் முன்னாலும் கேட்டது ஞாபகம் வந்தது.

பெயிண்ட் ஏறின ரெகுலேட்டரை நம்பக் கூடாது. ஹீட்டரை நிறுத்தினார், வால்வை மூடினார், வழக்கமான கடைக்குப் போகாமல் இரண்டு ஊர் தள்ளிப் போய்ப் புதுசு வாங்கி வந்து மாட்டினார். சோப்புத் தண்ணீர் வைத்துச் சோதித்தார். பழையதைக் கந்தலில் சுற்றி வண்டி சீட்டுக்கு அடியில் தள்ளினார். அந்தக் கந்தலைச் சுற்றும்போதுதான், இது ரிப்பேர் வேலை இல்லை, திருட்டு வேலை என்று அவர் கைக்கே தெரிந்தது.

"எரியுதே! என்ன கோளாறு?" என்று நெல்டா கேட்டாள்.

"ரெகுலேட்டர்."

"அது டெல்மர் பண்ணினதா?"

"பழசாயிடுச்சு."

நெல்டா டாங்கைப் பார்த்தாள். வெள்ளை டாங்கு, வெள்ளைக் குழாய், நடுவில் பெயிண்ட் படாத, புத்தம்புதுச் சாம்பல் நிற ரெகுலேட்டர். பல் விழுந்த வாயில் ஒற்றைப் பல் கட்டினது போல இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சனிக்கிழமை தண்ணீரிலிருந்து ஆவி பறந்தது. சொன்ன பதம், கைக்குழந்தைப் பதம். காலையில் போதகர் போன் செய்தார். "டெல்மர் வரமாட்டேன்கிறார், பிரதர். புதன்கிழமை பேசினது காதுக்குப் போயிருக்கு. 'எனக்காக ஜெபிச்சு என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாங்க, இதுக்கு நான் வண்டியிலயே உக்காந்திருந்தேனே, அதே மேல்'ங்கிறார். ஆர்லீன் அழுதுக்கிட்டே இருக்கா. நீங்க ஏதாச்சும் பேசிப் பாருங்களேன்?"

நெல்டா போனை வாங்கி வைத்தாள். வண்டிச் சாவியை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில், பொரித்த முட்டைக்கு அருகில், வைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

டெல்மர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். லாரி இல்லாத வாசல் அகலமாகத் தெரிந்தது. வெர்லனைப் பார்த்து எழவில்லை.

"ஹீட்டர் சரியாயிடுச்சு டெல்மர்," என்றார் வெர்லன்.

"சந்தோஷம்."

"நாளைக்கு எல்லாரும் எதிர்பார்ப்பாங்க. நடந்ததை நான் மனசுல வச்சுக்கல."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எப்படி இருந்தது என்று அவருக்கே கேட்டது. டெல்மர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ வச்சுக்கலியா? நல்லாருக்குய்யா உன் நியாயம். சரி, என்னதான் கோளாறு? நான் என்ன பண்ணினேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? ரெண்டு நாளா தூக்கமில்ல எனக்கு. லாரி நிறுத்தினதுலேர்ந்து குழாயைச் சுருட்டினது வரைக்கும் திரும்பத் திரும்ப மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கறேன். எங்க தப்பு விட்டேன்னு தெரியல. மயக்க மருந்துல மூளையில ஏதாச்சும் கழண்டுடுச்சோன்னு எனக்கே பயமாயிடுச்சு. உன் வீட்டுக்கு அடுத்து எத்தனை வீட்டுல நிரப்பினேன்... அங்கெல்லாம் குழந்தைங்க இருக்கு வெர்லன்."

வெர்லன் இதை எதிர்பார்க்கவில்லை. கோபத்தை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். பயத்தை அவர் கணக்குப் போடவில்லை. வண்டிக்குப் போய், சீட்டுக்கு அடியிலிருந்து கந்தல் மூட்டையை எடுத்து வந்து, படியில் வைத்துப் பிரித்தார். குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

"நீ ஒண்ணும் பண்ணல. நீ போனப்புறம் நான் பெயிண்ட் அடிச்சேன். மூச்சுத்துளையை நானே அடைச்சேன்."

டெல்மர் ரெகுலேட்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஆணி குத்திய ஓட்டையைக் கட்டைவிரலால் தொட்டார்.

"எப்பத் தெரிஞ்சது?"

"நேத்து."

"நேத்து," என்றார் டெல்மர். "நேத்து ராத்திரி நான் ஆர்லீன்கிட்ட, டாக்டர்கிட்ட மூளைய ஸ்கேன் எடுக்கச் சொல்லணும்னேன்."

வெர்லனால் அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. யாரும் சொல்லாமலே போனை எடுத்து ராய்ஸைக் கூப்பிட்டு, அந்தப் படியில் நின்றபடியே முழுவதையும் சொன்னார்.

"யோவ், நீ சொன்னியேன்னுதானய்யா செஞ்சேன்," என்றார் ராய்ஸ். "வேற எவன் சொல்லியிருந்தாலும் சிரிச்சிட்டுப் போயிருப்பேன். இப்ப இன்சூரன்ஸ்காரங்களுக்கு எழுதிட்டேன். டாக்டர் சர்டிபிகேட் இல்லாம அவனை வண்டியில ஏத்தக்கூடாதுங்கிறாங்க. வாரக்கணக்குல ஆகும். வாயை விட்டுட்டு இப்ப வாபஸ்னா நான் என்ன பண்ணுவேன்?"

சத்தமாகத்தான் பேசினார், டெல்மருக்கும் கேட்டது.

"நான் முழுகுவேன்," என்றார் டெல்மர் கடைசியில். "அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. ஆனா உன் குளத்துல இறங்கமாட்டேன். கோவத்துல சொல்லல. இறங்கினா, பாவம் வெர்லன், மன்னிச்சு இடம் குடுத்தார்னு ஊர்ல பேசுவாங்க. ஈரத்துணியோட நின்னுக்கிட்டு அந்தப் பொய்யைக் கேக்க என்னால முடியாது."

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் புல்வெளியில், மாடு தண்ணீர் குடிக்கிற பெரிய தகரத் தொட்டியை யாரோ பண்ணையிலிருந்து கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். சபைச் சமையலறையில் எல்லா அடுப்பிலும் தண்ணீர் கொதித்தது. குழாய்த் தண்ணீர் பாதி, கொதித்த தண்ணீர் பாதி. ஆண்கள் வரிசையாக நின்று வாளி கைமாற்றினார்கள். மூன்று மைல் தூரத்தில் வெர்லன் வீட்டுக் குளம், ஆளில்லாமல், ஆவி பறக்கக் கிடந்தது.

ஆராதனையில் யாராவது எழுந்து மனசில் இருப்பதைச் சாட்சியாகச் சொல்ல நேரம் கொடுத்தபோது வெர்லன் பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். சபை முழுவதும் டெல்மரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. ஆபரேஷனில் கவனம் கெட்டுப்போன மனிதரைப் பார்க்கிற பார்வை. அதற்குள் வேறொருவர் எழுந்து பேச ஆரம்பித்துவிட்டார். வெர்லன் உட்கார்ந்துவிட்டார். அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தே அவருக்கு முகம் எரிந்தது.

வெளியே வாளி வரிசையில் அவரும் போய் நின்றார். அவருக்கு முன்னால் ஹோபர்ட். வயதானவர், கத்திச் சொன்னால்தான் காதில் ஏறும். அதனாலேயே ஊரில் நடப்பது எல்லாம் அவருக்குச் சில நாள் தாமதமாக, அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். செவிடர்களுக்கே உரிய உரத்த குரலில் திரும்பிக் கேட்டார்:

"ஏன் வெர்லன், உன் ஹீட்டர் இன்னும் சரியாகலியா?"

வரிசை நின்றது. டெல்மர் பழைய ஜீன்ஸும் வெள்ளைச் சட்டையுமாகத் தொட்டிக்குள் நின்றிருந்தார். தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது. ஆர்லீன் துண்டோடு பக்கத்தில்.

"சரியாயிடுச்சு," என்றார் வெர்லன்.

"ஆங்?"

"சரியாயிடுச்சு!"

"அப்புறம் ஏன்யா இந்த மாட்டுத் தொட்டி? டெல்மர் ஏதோ கெடுத்துட்டான்னாங்களே?"

மெதுவாகச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஹோபர்ட்டுக்குக் கேட்க வேண்டுமென்றால் தெருக்கோடிக்கும் கேட்க வேண்டும். வெர்லன் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார்.

"டெல்மர் கெடுக்கல! நான்தான் கெடுத்தேன்! பெயிண்ட் அடிச்சு ரெகுலேட்டரை அடைச்சேன்!"

"யாரு அடைச்சா?"

"நான்! நான் அடைச்சிட்டு, தெரியாம டெல்மர் மேல பழி போட்டேன்! தெரிஞ்சப்புறமும் ஒரு நாள் மூடி வச்சேன்! அவர் புத்திக்கு ஒண்ணும் இல்ல! வேலையில ஒரு தப்பும் பண்ணல!"

குரல் சபைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பியானோ வாசிக்கிறவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். ராய்ஸ் தன் ஷூவைப் பார்த்தார். புதன்கிழமை வட்டத்தில் தலை குனிந்து ஜெபித்த ஒவ்வொருவரும் இப்போது தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். அறுபது வருஷமாக அவரைத் தெரிந்தவர்கள் அவர்கள். கழுத்திலிருந்து காது வரை வெர்லனுக்குச் சிவந்து போயிற்று. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஹோபர்ட் தம் வாளியையும் கீழே வைத்தார். "அட முட்டாளே," என்றார், வருத்தத்தோடு, ஊருக்கே கேட்கும்படி.

தொட்டிக்குள்ளிருந்து டெல்மரின் குரல் வந்தது. "அவருக்குக் கேட்டுடுச்சில்ல? அப்ப தண்ணிய ஊத்தச் சொல்லுங்க. ஆறிக்கிட்டே வருது."

வெர்லன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். கொதித்த தண்ணீர், டெல்மர் காலில் படாமல் தொட்டியின் ஓரமாக, மெல்ல மெல்லச் சரித்து ஊற்றினார். டெல்மர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, சூடு எங்கும் ஒன்றுபோல் பரவும்படி, தண்ணீரைக் கையால் கலக்கிக்கொண்டிருந்தார். வெர்லன் காலி வாளியோடு வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றார்.